ஒரே மாவட்டங்களிலிருந்து இரு கரைகளுக்கு: இலங்கை மலையகத் தமிழர், மலேசியத் தோட்டத் தமிழர் – ஒரு சமூகப் பொருளாதார ஒப்பீடு

ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கூலி வேலைக்காகக் கடல் கடந்தவர்களில் ஒரு சாரார் இலங்கையின் காப்பி, தேயிலை மலைகளுக்கும், மறு சாரார் மலாயாவின் கரும்பு, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கும் சென்றனர். ஆள் சேர்த்தவர் இரு பக்கமும் கங்காணி. முதலாளி இரு பக்கமும் பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனி. புறப்பட்டவர்களின் சாதி, எழுத்தறிவு, கைப்பொருள் ஆகியவற்றிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இந்திய அரசு 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் தொழிலாளர் செல்வதைத் தடுத்தது. அதாவது கதவு மூடப்பட்டதும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான்.

இவ்வளவு ஒத்த தொடக்கம் கொண்ட இரு சமூகங்கள் மூன்று, நான்கு தலைமுறைகளில் இவ்வளவு வேறுபட்ட இடங்களுக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பதே என் கேள்வி. என் தொடக்கக் கருத்து இது: குடியுரிமையே முதற்காரணம். இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. மலாயாவில் 1957இல் விடுதலை வந்தபோது இந்தியரில் பெரும்பகுதியினர் குடிமக்களாகும் வழி திறந்திருந்தது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

கொழுந்துமலை

குடியுரிமை பறிப்பின் விளைவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்; அதன் கணக்கைச் சரியாக வைப்போம். 1947 தேர்தலில் எங்கள் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். 1952 தேர்தலில் அந்தத் தொகுதிகளின் வாக்காளர் பட்டியலில் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோர் இல்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது 9,75,000 பேர் எண்களாகப் பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த எஞ்சியோரையும் பாதிப் பாதியாகப் பிரித்தனர். கடைசி நாடற்றவருக்கும் பிரஜாவுரிமை கிடைக்க வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் சொத்தாக எப்படி மாறின, அல்லது மாறாமல் போயின என்பதுதான் இங்கே பேசத்தக்கது. பிரஜாவுரிமை இல்லாதவர் அரச காணி பெற முடியாது. அரச உத்தியோகம் பெற முடியாது. இலங்கை இலவசக் கல்வியையும் குடியேற்றத் திட்டங்களையும் விரித்த காலம் இதுவே. நாடு முழுவதும் நடுத்தர வர்க்கம் உருவான அந்தத் தலைமுறையில் நாங்கள் லயத்துக்குள் இருந்தோம்.

லயம் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காக: ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஓர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு (திண்ணை). ஒரு குடும்பம் மூன்று தலைமுறையோடு அதில்தான். சுவர் நிறுவனத்துடையது, கூரைத் தகரம் நிறுவனத்துடையது, முன்னால் உள்ள கீரைப் பாத்தியும் நிறுவனத்துடையது.

செம்பனைச் சாலை

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நண்பர் ஏட்டுச்சுவடி ‘வழி திறந்திருந்தது’ என்று எழுதியது சரியான சொற்றொடர். எல்லோரும் அவ்வழியில் நடந்தார்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது. 1957க்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் இருந்த பலர் அதன் தேவையை உணரவில்லை. உணர்த்துவதற்கும் போதிய ஆள் இல்லை. 1969 மே கலவரத்துக்குப் பின் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். தங்கியவர்களிலும் குடிமக்கள் அல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை அடைந்தவர்கள் உண்டு.

ஆயினும் பெரும்பான்மையினர் குடிமக்கள். அதனால் கிடைத்தது என்ன என்பதைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மலேசிய இந்தியரின் சராசரிக் குடும்ப வருமானம் பூமிபுத்ராக்களின் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும்) சராசரியைவிட அதிகம் என்று அரசுக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. இந்த ஒற்றை எண்ணைக் காட்டியே ‘இந்தியருக்கு என்ன குறை’ என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. அந்தச் சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்து இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் அமர்ந்தவர்களின் வழிவந்தோர், தோட்டங்களில் கிராணிமாராக (எழுத்தர்களாக) இருந்த மலையாளிகள், செட்டியார்கள், பஞ்சாபியர், மருத்துவர், வழக்கறிஞர். ரப்பர்ப் பால் எடுக்க மரம் சீவியவரின் பேரன் அந்தச் சராசரியில் மறைந்து போகிறான். நிறுவனப் பங்குடைமையில் இந்தியரின் பங்கு 1970இல் ஒரு விழுக்காட்டளவில் இருந்தது. பூமிபுத்ராக்களின் பங்கை உயர்த்தும் புதிய பொருளாதாரக் கொள்கை வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் அது இரண்டைத் தொடவில்லை.

எனவே இந்த இழையில் ‘மலேசிய இந்தியர்’ என்று எழுதாமல் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர் என்றே எழுதுவோம். தலைப்பும் அதைத்தான் கேட்கிறது.

ஏட்டுச்சுவடி

எச்சரிக்கை ஏற்கத்தக்கது; அதே சிக்கல் இலங்கை எண்களிலும் மறுபுறமாக உள்ளது. இலங்கைப் புள்ளிவிவரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கின்றன. 2019ஆம் ஆண்டுக் கணக்கில் தோட்டத் துறையில் வறுமை 33.8 விழுக்காடு, நாட்டுச் சராசரியோ 14.3. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறி மலையக நகரமான ஹட்டனில் கடை வைத்தவரும் கொழும்பில் வேலை செய்பவரும் அந்தத் ‘தோட்டத் துறை’யில் இல்லை. ஒரு நாட்டில் ஏழைகள் வசதியானவர்களோடு கலந்து எண்ணப்படுகிறார்கள். மறு நாட்டில் சற்று மேலேறியவர்கள் கணக்கிலிருந்து கழன்று விடுகிறார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

நடுவண்

இன்னொரு கழித்தலும் வேண்டும். மலேசியா இலங்கையைவிடப் பல மடங்கு செல்வமுள்ள நாடு. வெள்ளீயம், ரப்பர், செம்பனை (எண்ணெய்ப்பனை), பெட்ரோலியம், பின்பு மின்னணுத் தொழிற்சாலைகள் என்று அதன் பொருளாதாரம் விரிந்தது. இலங்கை போரிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியிலும் தன் ஆண்டுகளை இழந்தது. கோலாலம்பூர்ப் புறநகரில் உள்ள பாரவண்டி ஓட்டுநரின் வருமானம் இலங்கை மலையகத்து நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் வருமானத்தைவிட அதிகம் என்பது அந்தந்த நாட்டைப் பற்றிச் சொல்கிறதே ஒழிய அந்தந்தச் சமூகத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு சமூகத்தையும் அதன் சொந்த நாட்டின் அண்டைச் சமூகங்களோடு ஒப்பிட்டு, பிறகு அந்த இரண்டு இடைவெளிகளை ஒப்பிடுவதே முறை.

அவ்வாறு பார்த்தால் குடியுரிமைக் கோட்பாடு சற்றுத் தளர்கிறது. குடியுரிமை பெற்ற மலேசியத் தோட்டத் தமிழரும் தம் நாட்டின் வளர்ச்சி ஏணியில் கீழ்ப்படியிலேயே நிற்கிறார்கள் என்றால், அட்டையின் நிறம் மட்டும் போதவில்லை என்றாகிறது. எது போதவில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

செம்பனைச் சாலை

சொல்கிறேன். நிலம்.

மலாயாவின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு பகுதிகளாக்கி மறுவிற்பனை செய்தார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்று அக்காலத்துத் தமிழ் நாளிதழ்களில் இது நாள்தோறும் அடிபட்ட சொல். துண்டான தோட்டத்துக்கு இருநூறு தொழிலாளர் தேவையில்லை; வேலை போனது. வேலையோடு வீடும் போனது, ஏனெனில் வீடு வேலையின் ஒரு பகுதி.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததுதான் 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாக (மலாயா நாணயம்) சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்குவது திட்டம். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் மேலும் பல. இந்தச் சமூகம் தன் கையால் செய்த மிகப் பெரிய பொருளாதாரச் செயல் இதுதான் என்பது என் மதிப்பீடு. எனினும் வாங்க முடிந்தது, விற்கப்பட்டதில் ஒரு சிறு பகுதியே.

இரண்டாம் அலை பின்னர் வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவு. அந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் குறைந்த கூலிக்கு வந்தார். மூன்றாம் அலை 1980களிலும் 1990களிலும்: சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பேராக் எனப் பெருநகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் மாற்றப்பட்டன. நாங்கள் இருந்த தோட்டமும் அப்படிப் போனதுதான். முதலில் குடிநீர்க் குழாயைப் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். பிறகு ஆயாக்கொட்டகையை (குழந்தைக் காப்பகத்தை) மூடினார்கள். அதன்பின் வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது. நான்கு தலைமுறை உழைப்புக்கு ஈடாகத் தரப்பட்ட தொகையில் நகரத்தில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டின் முன்பணம் தேறும், அவ்வளவுதான். தோட்டத்தில் ஆட்டுக்கொட்டகையும் மாடும் காய்கறிக் கொல்லையும் இருந்தன. ஏழாவது மாடியில் அவை எதையும் வைக்க முடியாது. வருமானத்தின் கண்ணுக்குத் தெரியாத பாதி அங்கேயே நின்றுவிட்டது.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியரில் ஐந்தில் நான்கு பேர் நகரவாசிகள். ஆய்வுக் கட்டுரைகளில் இதை ‘நகரமயமாதல்’ என்று படிக்கும்போது, அதில் எவ்வளவு விழுக்காடு விரட்டப்பட்டதால் நிகழ்ந்தது என்று கேட்கத் தோன்றும்.

கொழுந்துமலை

இங்கேதான் இரு வரலாறுகளும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டதுபோல இருக்கின்றன. செம்பனைச் சாலை அவர்களின் மக்களுக்குக் குடியுரிமை இருந்தது, தோட்டம் காலடியில் கரைந்தது. எங்களுக்குக் குடியுரிமை இல்லை, தோட்டம் அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் பயிர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கையால் கிள்ள வேண்டும். வாரா வாரம் கிள்ள வேண்டும். செங்குத்தான மலையில் இயந்திரம் உதவாது. எனவே முதலாளிக்கு நாங்கள் அங்கேயே இருக்க வேண்டும். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின; அந்தக் கைமாற்றத்தின் போது உணவுத் தட்டுப்பாட்டில் பட்டினியால் இறந்தவர்களும், சில பகுதிகளில் துரத்தப்பட்டவர்களும் உண்டு. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குப் போயிற்று. முதலாளி மீண்டும் மீண்டும் மாறினார். லயத்தின் உரிமை ஒருமுறைகூட எங்கள் பக்கம் மாறவில்லை.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியே இருப்பவர்கள் நாட்சம்பள எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நடந்து, 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக நிறைவேறியது. மறு ஆண்டே ரூபாயின் மதிப்பு சரிந்து, ஏறிய சம்பளத்தை விலைவாசி தின்றது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. ஆனால் அன்றைக்குரிய கிலோ நிறையாவிட்டால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், மழை நாளில், கொழுந்து இல்லாத வறட்சி மாதத்தில், முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரிது. என் தாயாரின் சம்பளத் துண்டுகள் சிலவற்றை வைத்திருக்கிறேன். வலப் பக்கம் முழுவதும் கழிவுகள்: ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத் தூள், சலவை, முடிவெட்டு, பண்டிகை முற்பணம். கையொப்பத்துக்குப் பக்கத்தில் எஞ்சிய தொகையைப் பார்த்தால், அரசிதழில் வந்த எண்ணுக்கும் அதற்கும் உறவு சொல்ல முடியாது.

இன்னொன்று: மலையில் ஏறிக் கொழுந்து பறிப்பவர் பெண், பல குடும்பங்களில் அந்தச் சம்பளத்தைப் பிரட்டுக்களத்தில் (தொழிலாளரைக் கூட்டிப் பேர் பதியும் இடத்தில்) வாங்கியவர் நெடுங்காலம் கணவரோ தகப்பனாரோதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. குடும்ப வருமானம் என்ற அலகு இதை ஒருபோதும் காட்டாது.

கரும்பலகை

கல்வியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் ஆசிரியர் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரு நாடுகளிலும் தோட்டப் பள்ளி என்பது தொடக்கத்தில் பிள்ளைகளைப் பகலில் ஓரிடத்தில் வைத்திருக்கும் ஏற்பாடுதான். மலாயாவில் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தைப் பள்ளி நடத்தும்படி வற்புறுத்தியது. அதன் எச்சமாக இன்றும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. அடுத்து மலாய்வழி இடைநிலைப்பள்ளி. மொழியில் பின்தங்கிய பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். தன் வயதுப் பிள்ளைகளைவிட ஓராண்டு பின்னால் தொடங்குகிறவன் இடையில் நின்றுவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் அறிவார்கள். அதைத் தாண்டியவனுக்கும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாத அனைவருக்குமாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் நெடுங்காலம் இல்லை.

இலங்கையிலோ தோட்டப் பள்ளிகளை அரசு 1970களில்தான் பொறுப்பேற்றது. மிகத் தாமதம், ஆனால் ஏற்ற பிறகு உயர்தரம் (பள்ளியின் இறுதி வகுப்பு) வரைக்கும், பல்கலைக்கழகத்திலும் பல துறைகளில், தமிழிலேயே படிக்கலாம். எனவே மலையகத்தில் பின்னாளில் ஒரு ஆசிரியர் வர்க்கம் உருவானது. 1980களுக்குப் பிறகு நடந்த ஆசிரியர் நியமனங்களும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் இதற்கு வழி அமைத்தன. லயத்தில் ஒருவர் ஆசிரியரானால் அந்தக் குடும்பம் மட்டுமல்ல, அந்த வரிசையே அசைகிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் உயர்தர வகுப்பு உள்ள பாடசாலைகள் குறைவு என்பதால் அந்த அசைவு கலைத்துறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடுவண்

அரசியலில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். எனவே வாக்குரிமை திரும்பியதும் அவர்கள் உறுப்பினர்களை அனுப்பினர், எந்த ஆட்சி வந்தாலும் பேரம் பேசினர். மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. தோட்டங்கள் கரைந்தபோது சிறு சிறு திரள்களும் கலைந்தன. குடியுரிமை தொடர்ந்து இருந்தவர்கள் எங்கும் சிதறியிருக்கிறார்கள். அதை இழந்து பெற்றவர்கள் ஒரு மலையில் திரண்டிருக்கிறார்கள். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்கான இண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பில் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்ட கூட்டத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: தொகுதியில் திரள முடியாதவர்கள் தெருவில் திரண்டார்கள்.

ஏட்டுச்சுவடி

இதுவரை வந்தவற்றை வைத்து என் கருத்தைக் கூர்மைப்படுத்துகிறேன். குடியுரிமை, பயிர், கல்வி, வாக்கு என்று நான்கு காரணங்கள் பேசப்பட்டன. இவற்றுள் எதுவும் இரு நாடுகளிலும் ஒரேபோல் இல்லை. இரு நாடுகளிலும் ஒரேபோல் இருந்தது ஒன்றே: குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை நின்றால் கூரை இல்லை. இதனால் கூலி உயர்த்திக் கேட்கும் துணிவு குறைந்தது. சேமித்ததைப் போட்டு வீட்டைச் செப்பனிடக் காரணம் இல்லாமல் போனது. வங்கியில் ஈடு வைக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் லயமோ தோட்ட வீடோ குடும்பத்தின் கையில் நிற்கும் என்ற நெருக்கடி, படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டது. இரு நாட்டின் சிற்றூர் ஏழைகளில் பலரிடம் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. கிராமத்துச் சிங்களவரிடமோ கம்பத்து (மலாய்ச் சிற்றூர்) மலாய்க்காரரிடமோ இல்லாத வறுமை இது என்று நான் சொல்வது கூலியின் அளவை வைத்து அல்ல.

செம்பனைச் சாலை

ஒப்புகிறேன். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் என்பது இங்கே 1970களிலேயே பேசப்பட்டது. கட்டாயமாக்கப்படாததால் சில தோட்டங்களே செய்தன. அன்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிரு ஏக்கர் ஒதுக்கியிருந்தால் பின்னர் வந்த வீடமைப்பு நிறுவனங்கள் அந்த மக்களிடமும் விலை பேசியிருக்க வேண்டும்.

கொழுந்துமலை

எங்கள் பக்கம் அந்த வாய்ப்பு இன்னும் மூடவில்லை. ஏழு பேர்ச்சஸ் (இலங்கை நில அளவு) காணியோடு தனி வீடு என்பது கொள்கையாகி, இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் திட்டத்தில் சேர்ந்தன. 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தால் அமைந்தது. வேகம் போதாது என்பது தெரிந்ததே. ஆனால் வீட்டைவிட நான் கவனிப்பது உறுதிப் பத்திரத்தை, அதாவது காணி உரிமைப் பத்திரத்தை. வீடு கட்டி, சாவி கொடுத்து, படம் எடுத்து, உறுதி மட்டும் வராமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் இன்னும் புதிய சுவரில் பழைய லயத்தார்தான். உறுதி கையில் உள்ளவர்களில் சிலர் முன்னறையைக் கடையாக்கியிருக்கிறார்கள், சிலர் அதை வைத்து வங்கிக் கடன் கேட்டிருக்கிறார்கள், சிலர் தோட்டத்தில் பெயர் பதியாமல் வெளியே வேலைக்குப் போய் மாலையில் அதே மலைக்குத் திரும்புகிறார்கள். இந்த மூன்றாவது வகையினர் எத்தனை பேர் என்பதை யாராவது தோட்டம் தோட்டமாக எண்ணினால், நண்பர் ஏட்டுச்சுவடியின் வாதம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.